நிகர எடை

பகாவ் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில்
மைக் கை மாறிக் கை மாறி வந்தது.
மூன்றாம் வரிசைப் பெண் எழுந்து கேட்டாள்:
"இவ்வளவு காதலை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?"
மழையிலிருந்து என்றேன்.
கை தட்டினார்கள்.
மீகூன் பொட்டலம் வாங்க வரிசையில் நின்றார்கள்.

மழையிலிருந்து எனக்கு வந்தது சளி மட்டும்.

காதல் வந்தது எடைமேடையிலிருந்து.
செம்பனை ஆலை வாசலில்
ஜன்னல் வெட்டிய ஒரு கண்டெய்னர் பெட்டி.
அதற்குள் நான், தலையாட்டும் மேசை விசிறி,
கார்பன் தாள் செருகிய ரசீதுப் புத்தகம்.
குலை ஏற்றி வரும் லோரியை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுப் போகும் லோரியை நிறுப்பேன்.
முன்னதில் பின்னது போனால்
பழம்.
பதினொரு வருஷம் இந்த ஒரே கணக்கு.

லோகேந்திரனின் லோரி வெறும் வயிற்றில்
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ,
அவனையும் அவன் சிலிப்பரையும்
டாஷ்போர்டு முருகனையும் சேர்த்து.
எனக்கு மனப்பாடம்.
ஒரு புதன்கிழமை அந்தச் சிவப்பு எண்
ஐம்பது கிலோ கூடக் காட்டியது.

அடுத்த புதனும் ஐம்பது.
கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தான்.
உள்ளே யாரோ குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.
ஐம்பது கிலோ. ஒல்லி.
இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொல்ல
ஆளில்லாத வீட்டுப் பெண்.
லேப்பில் எண்ணெய் சோதிப்பவளா,
கேன்டீனில் மங்கு கழுவும் மேடான்காரியா?
அன்றிரவே அவளுக்கு மிருணா என்று பேர் வைத்தேன்.
அப்பனுக்கு ஒரு கோபம் வைத்தேன்.
ஓடிப்போகக் கிம்மாஸ் ஸ்டேஷனில்
விடிகாலை ரயில் வைத்தேன்.

உள்ளதை எழுதினால்
பழத்தில் ஐம்பது குறையும்.
தவ்கே கேட்பார். அவளை இறக்கிவிடுவார்கள்.
நல்லவேளை, இடி விழுந்து கம்ப்யூட்டர் செத்திருந்தது.
என் கையால்
9,840 என்றே எழுதினேன்.
வாரா வாரம் எழுதினேன்.
இல்லாத பழத்துக்கு ஆலை காசு கொடுத்தது.
என் முதல் நாவலுக்கு யாரோ தந்த முன்பணம்
அது ஒன்றுதான்.
அதுவும் என் கைக்கு வரவில்லை.

ஞாயிறு பதிப்பில் தொடர் ஓடியது.
ஒரு புதன் நாற்பதுதான் காட்டியது.
மிருணாவைக் காய்ச்சலில் படுக்கப் போட்டேன்.
ஜெம்போலிலிருந்து ஒருவர், ரொம்பினிலிருந்து இருவர்
கடிதம் எழுதினார்கள்:
தயவுசெய்து சாகடித்துவிடாதீர்கள்.

சாகவில்லை.
பதினாலாவது புதன்,
நிறுத்துவிட்டு நான் பேனாவை எடுப்பதற்குள்
நேப்பாளிக் காவலாளி கதவைத் திறந்தான்.
சீட் பெல்ட் போட்டு
உட்கார்ந்திருந்தது ஒரு மூட்டை.
பருப்பு.
சாம்பார்ப் பருப்பில்லை,
செம்பனைக் கொட்டையை உடைத்தெடுக்கும் பருப்பு.
ஆலைச் சொத்து.

என்சிக் சுல்கர்னாய்ன்
ரசீதுக் கட்டை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.
போன வாரம் 9,840.
அதற்கு முந்தைய வாரம் 9,840.
முதல் தடவைதான் போல, என்றார்.
போலீஸ் வேண்டாம், வேலை மட்டும் போகட்டும்.

லோகேந்திரன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.
எல்லாம் தெரிந்தே
தனக்காகப் பொய் எழுதியிருக்கிறாள் என்று
அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றிவிட்டது.
திருடன் முகமில்லை அது.
தன்னை ஒருத்தி விரும்பியிருக்கிறாள்
என்று கடைசியாகத் தெரிந்துகொண்டவன் முகம்.
என்னை அதற்கு முன்னும்
அதற்குப் பின்னும்
அப்படி யாரும் பார்த்ததில்லை.
இல்லப்பா, நான் பெண் என்று நினைத்தேன்,
என்று சொல்லியிருக்கலாம்.
விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.
நான் ஆட்டவில்லை.

பன்னிரண்டு நாவல் எழுதிவிட்டேன்.
அந்தப் பார்வையை எங்கே வைத்தாலும்
வாக்கியம் சாய்கிறது.
மிருணாவுக்குக் கல்யாணம் செய்துவைத்து
வாசகர்களிடம் நல்ல பேர் வாங்கினேன்.
மூட்டையை யாருக்கு விற்றான்,
எதற்குக் காசு, யாருக்காவது மருந்தா, சும்மா நாலு நம்பரா,
விசாரிக்கவே இல்லை.
விசாரித்தால் கதை முடிந்துவிடும்.

மறுநாள் அதே லோரியை
தடித்த ஒருவன் ஓட்டி வந்தான்.
கொட்டிவிட்டுத் திரும்பினான். நிறுத்தேன்.
ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது.
உள்ளதை உள்ளபடி எழுதினேன்.